கடலுக்குள் நிற்கும் கோல் கம்பங்கள் தொடர்பாக

அனுப்புநர்
செயலாளர் (இருபத்தேழு ஆண்டுகளாக, போட்டியின்றி),
தீவு கால்பந்துக் கழகம்,
படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கூடம் (கழக அலுவலகமும் இதுவே),
படகுத்துறை, தீவு.

பெறுநர்
உயர்திரு பதிவு அலுவலர் அவர்கள்,
விளையாட்டுக் கழகங்கள் பதிவு அலுவலகம்,
இரண்டாம் மாடி, அக்கரை.

பொருள்: எங்கள் கழகத்துக்கு மைதானமே இல்லை என்று எழுதப்பட்ட ஆய்வறிக்கையின் மீது புகார் – மறு ஆய்வு செய்யவும், அதுவரை பதிவேட்டில் எங்கள் பெயரை அடிக்காமல் இருக்கவும் வேண்டுதல்.

பார்வை:
1. தங்கள் அலுவலகக் கடிதம், இம்மாதம் 5ஆம் தேதியிட்டது.
2. தங்கள் ஆய்வாளரின் அறிக்கை, இம்மாதம் 1ஆம் தேதியிட்டது.
3. பதிவைப் புதுப்பிக்க நான் அனுப்பிய விண்ணப்பம். (தயவுசெய்து இதை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டாம்.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கடிதம் 8ஆம் தேதி காலைப் படகில் என் கைக்கு வந்தது. உறை தடிமனாக இருந்தது, முத்திரையும் பெரிதாக இருந்தது. பாராட்டுக் கடிதம் என்று நினைத்து, படகுத்துறையில் நின்ற பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி வைத்து உரக்கப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே என் குரல் இறங்கிவிட்டது. "நிறுத்தாதீங்க மாமா, மிச்சத்தையும் படிங்க" என்றார் எங்கள் அணித்தலைவர். அவர் என் மனைவியின் தம்பி. படித்தேன். மேற்படி கடிதத்தின்படி எங்களுக்கு மைதானம் இல்லை; மைதானம் இல்லாத கழகம் கழகமே இல்லை; ஆகவே இம்மாதம் 30ஆம் தேதி பதிவேட்டில் எங்கள் பெயர் மீது கோடு போடப்படும். நாங்கள் மைதானம் என்று சொல்லும் இடம் 'பயன்பாடற்ற கரை நிலம்' என்று வகைப்படுத்தப்பட்டு, அலைத்தடுப்புச் சுவருக்கான பாறைகளைக் குவித்து வைக்கத் துறைமுகப் பணிகள் பிரிவிடம் கொடுக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் குழு உறுப்பினர் மூவரின் கையெழுத்தோடு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஐயா, இதுவே அந்த ஆட்சேபம். எங்களிடம் இதைத் தவிர வேறு ஆயுதம் இல்லை.

2. நான் எட்டாம் வகுப்பு முழுவதும், ஒன்பதாம் வகுப்பு மழைக்காலம் வரையிலும் படித்தவன். இருந்தாலும் இந்தத் தீவில் மனு எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. இதுவரை நாற்பது மனு எழுதியிருப்பேன், நாற்பதும் வெற்றி. (இந்த இடத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் என் மனைவி இருமுகிறார். ஒன்பது மனு. நான்கு வெற்றி.) அவர் கழகத்தின் சட்டைகளுக்குப் பொறுப்பாளர், குழு உறுப்பினர். இன்னொரு உறுப்பினர் மேற்படி மைத்துனர். மூன்றாமவர் பயணிகள் படகின் படகோட்டி. மூவருமே தற்சமயம் நான் "பொழுது விடிந்தது" என்று சொன்னாலும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள். மனைவி போட்ட நிபந்தனையை அப்படியே தருகிறேன்: "கழகம் உங்க வாயால போச்சு. கையாலயாவது திருப்பிக் கொண்டு வாங்க. ஒரு பொய் எழுதினீங்கன்னா அதை நான் அடிப்பேன், இல்லன்னா அடியில திருத்தி எழுதுவேன்."

3. ஆகவே வரலாறு. எங்கள் கழகம் நூற்றாண்டு கண்டது என்று எழுத ஆசை. ஐம்பத்திரண்டு ஆண்டுதான். அதற்கு முன் இங்கே பந்து என்ற பொருளே கிடையாது. வலை மிதவைகள் உண்டு. அதை உதைத்தால் நகம் போகும். அப்போது அக்கரை அணி ஒன்று வேறெங்கோ ஆடப் போகும் வழியில், அவர்கள் ஏறி வந்த படகின் எஞ்சின் எங்கள் துறைக்கு எதிரே நின்றுவிட்டது. என் தந்தைதான் இங்கே எஞ்சின் மெக்கானிக். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் மூச்சு விடுவதைக் கேட்டே கோளாறைச் சொல்லக்கூடியவர். பார்த்தார், அரை மணி நேர வேலை. அதற்குள் அந்த அணியினர் பொழுது போகாமல் மணலில் இறங்கி ஆடத் தொடங்கியிருந்தார்கள். என் தந்தை ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு படகுக்காரரிடம் போய், "பெரிய கோளாறுங்க. நாலு நாளாவது ஆகும்" என்றார். நான்கு நாள் தீவே வேலைக்குப் போகாமல் கரையில் நின்றது. மூன்றாம் நாள் எங்கள் ஆட்களும் இறங்கினார்கள். நான்காம் நாள் பதினேழுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்று என் தந்தை அடித்தது. ஐந்தாம் நாள் எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. போகிற அவசரத்தில் அவர்கள் பந்தை மறந்துவிட்டார்கள். அது எங்கள் வீட்டு மீன்கூடைக்கு அடியில் எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தொடங்கியதுதான் மேற்படி கழகம்.

4. எங்கள் சட்டை ஆரஞ்சு நிறம். உயிர்காப்புச் சட்டையின் அதே நிறம். ஆட்டத்துக்குப் போகும் வழியில் படகு கவிழ்ந்தாலும் கண்ணில் படுவோம் என்று எங்கள் முன்னோர் யோசித்து வைத்தது. நானும் பதினான்கு ஆண்டு அந்தச் சட்டை போட்டவன். தீவில் எனக்குப் 'பீரங்கி' என்று பெயர். என் உதையைப் பார்த்து வைத்தது. அக்கரை அணியோடு ஆடிய ஓர் இறுதி ஆட்டத்தில் நடுக்களத்திலிருந்து நான் அடித்த பந்து கோல் வலையையே கிழித்துக்கொண்டு போனது. அதற்கு இன்றும் சாட்சிகள் இருக்கிறார்கள். சொந்த மைதானத்தில் நாங்கள் இருபத்தோர் ஆண்டுகளாகத் தோற்றதில்லை. அதில் ஆறு ஆட்டங்கள் கடல் ஏறியதால் பாதியில் நின்றவை. அந்த ஆறிலும் நாங்கள் பின்தங்கியிருந்தோம் என்பது தற்செயல்.

5. கடல் ஏறியது என்று எழுதினேன் அல்லவா, இனி எழுதப்போவதுதான் இந்த மனுவின் உயிர். ஐயா, எங்கள் தீவு முழுவதும் சரிவான பாறை. பந்தை எங்கே வைத்தாலும் உருண்டு கடலுக்குப் போய்விடும். வைத்த இடத்தில் அது நிற்கும் இடம் தீவிலேயே ஒன்றுதான்: படகுத்துறைக்கு வடக்கே இருக்கும் மணல் திட்டு. அதுவே மைதானம். அது எங்களுக்கும் கடலுக்கும் பொது. கடல் தினம் இரண்டு முறை வந்து போகும். அரைநிலா நாட்களில் ஒரு மூலைக்கொடி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நடுப்பகலில் மொத்த மைதானத்தையும் எடுத்துக்கொள்ளும், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடும். ஐம்பத்திரண்டு ஆண்டில் ஒரு நாள்கூடத் திருப்பிக் கொடுக்காமல் இருந்ததில்லை. நாங்கள் நீர் ஏற்ற இறக்க நேரப்பட்டியலைப் பார்த்துத்தான் ஆட்டம் வைப்போம். கோடுகளை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாகப் போட வேண்டும். இருவர் கயிறு பிடிக்க, ஒருவர் துடுப்பின் நுனியால் மணலைக் கீறிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். நடுவட்டம் போடுவது என் வேலை. அச்சில் வார்த்தது போல இருக்கும்.

6. ஒரு வருடம் எங்கள் ஆட்கள் நான்கு பேர் போன படகு திரும்பவில்லை. அந்த வார ஆட்டத்தை ஏழு பேரோடு ஆடினோம். மூன்று பேர் பதினொன்றாம் நாள் வேறொரு படகில் வந்து சேர்ந்தார்கள். இடது பின்களத்தில் ஆடுகிறவர் வரவில்லை. அவர் என் தம்பி. அதிலிருந்து எங்கள் அணி பத்துப் பேரோடுதான் ஆட்டத்தைத் தொடங்கும். இடது பின்களம் ஒரு நிமிடம் காலியாக இருக்கும். பிறகு பதினோராவது ஆள் இறங்குவார். இது எந்த விதியிலும் இல்லை. வருகிற அணிகளுக்குத் தெரியும்; அந்த ஒரு நிமிடம் அந்தப் பக்கம் பந்தைக் கொண்டுபோக மாட்டார்கள். ஓர் அணி மட்டும் கொண்டுபோய் கோல் அடித்தது. நாங்கள் ஆட்சேபிக்கவில்லை.

7. இனி என் விண்ணப்பம். தங்கள் படிவத்தில் நிறையக் கட்டங்கள் இருந்தன. காலியாக விட்டால் கழகத்துக்குக் கௌரவக் குறைவு என்று நினைத்து எல்லாவற்றையும் நிரப்பினேன். 'பார்வையாளர் இருக்கைகள்' என்ற கட்டத்தில் மூவாயிரம் என்று எழுதினேன். பாறையில் மனிதர்கள் நெருக்கி உட்கார்ந்தால் மூவாயிரம் பேருக்கு இடம் இருக்கிறது. மனிதர்கள்தான் அறுநூற்று நாற்பது. 'மின்விளக்குக் கோபுரம்': ஒன்று. அது கலங்கரை விளக்கம். பன்னிரண்டு நொடிக்கு ஒரு முறை மைதானத்தின் மேல் வெளிச்சம் அடித்துவிட்டுப் போகும். 'வீரர்கள் உடை மாற்றும் அறை': உண்டு. அது இந்தக் கூடம். இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே பதினோரு பேர் ஒற்றைக் காலில் நின்று மாற்றுவார்கள், சட்டையில் கிரீஸ் படாமல் இதுவரை ஒருவரும் வெளியே போனதில்லை. 'கோப்பைகள் வைக்கும் அலமாரி': உண்டு. அலமாரியில் கோப்பை ஒன்று, அதற்குள் போல்ட்டு நட்டுகள். 'நீச்சல் குளம்': உண்டு, தினம் இரண்டு முறை. இந்தக் கடைசிக் கட்டத்தைப் படித்துத்தான் தாங்கள் நேரில் பார்க்க ஆய்வாளரை அனுப்பினீர்கள் என்று இப்போது புரிகிறது.

8. ஆய்வாளர் வரும் நாளை எங்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். நான் குழுவைக் கேட்காமல் பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்தேன். நிலா வெளிச்சத்தில் மீன் வலைக்கு வராது. ஆகவே பௌர்ணமியை ஒட்டி எங்கள் படகுகள் கடலுக்குப் போவதில்லை. தீவில் எல்லோரும் இருப்பார்கள். அத்தனை பேரையும் பாறை நிறைய நிற்க வைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மூவாயிரம் என்று எழுதியவன், ஐயா. அறுநூறாவது காட்ட வேண்டாமா? அன்று நடுப்பகலில் மைதானத்தில் கடல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏழு மணிப் படகு எட்டரைக்குள் வந்துவிடும், பத்து மணிக்குள் அளந்து முடித்து, கடல் வரும்போது ஆய்வாளர் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார் என்று கணக்குப் போட்டேன். மைத்துனர் அப்போதே கேட்டார்: "படகு லேட்டாச்சுன்னா என்ன மாமா பண்ணுவீங்க?" நான் சொன்னேன்: "எஞ்சினைப் பாத்தது யாரு மாப்பிள்ளை? நான். லேட்டாகுமா?"

படகு வந்தபோது மணி பதினொன்று நாற்பது. வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. கடல் கொந்தளிப்பு என்று படகோட்டி எல்லோரிடமும் சொன்னார்.

ஆய்வாளர் புதிய ஷூ போட்டிருந்தார். கையில் அளவு நாடா. பாறையில் அறுநூறு பேர். எங்கள் அணி ஆரஞ்சுச் சட்டையில், முழங்கால் தண்ணீரில், வரிசையாக. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மைதானம் எங்க?" என்று கேட்டார். அறுநூறு பேரும் ஒரே நேரத்தில் கடலைக் கை காட்டினார்கள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "தண்ணி பாய்ச்சியிருக்கோம் சார். வெளிநாட்டுல எல்லாம் ஆட்டத்துக்கு முன்னாடி இப்படித்தான் பண்ணுவாங்க" என்றேன். அவர் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பா இருக்கே."

"எங்க தண்ணியே அப்படித்தான் சார்."

அந்த நேரம் பார்த்து வடக்குக் கோல் வலையில் ஒரு மீன் துள்ளியது. பாறையிலிருந்து எவனோ "கோல்!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. மைத்துனர் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீரில் நின்றபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதன் பிறகுதான் நான் உண்மையைச் சொன்னேன். "சார், நாலு மணி வரைக்கும் இருங்க. கடல் போயிடும். மைதானம் வரும். சத்தியமா வரும்." அதற்குள் என் சத்தியத்துக்கு மரியாதை போயிருந்தது. அவர் ஒரு மணிப் படகில் ஏறிவிட்டார். நான்கு மணிக்கு மைதானம் வந்தது. எங்கள் ஆட்கள் கோடு போட்டு, தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். நான் கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். பந்துச் சத்தம் கேட்டது.

9. ஆய்வாளரின் அறிக்கையில் உள்ளது: 'மைதானம் ஏதும் காணப்படவில்லை. கடலுக்குள் இரண்டு மரச்சட்டங்கள் நிற்கின்றன. அவற்றில் வலை கட்டப்பட்டுள்ளது. வலையில் மீன் இருந்தது. மீன்பிடி உபகரணமாக இருக்கலாம்.' ஐயா, அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்டதை எழுதினார். ஆனால் ஒன்றேகால் மணி நேரத்தில் காண முடியாததை, என்றுமே இல்லாதது என்று எழுதிவிட்டார். அதன் மீதுதான் என் புகார்.

10. கெடு முடியவில்லை, ஆனால் வேலை தொடங்கிவிட்டது. 10ஆம் தேதி தட்டைப் படகில் மூன்று நடை பாறை வந்து வடக்குக் கோலுக்குப் பின்னால் இறங்கியது. ஒரு பாறை உருண்டு வந்து இடது கம்பத்தைச் சாய்த்துவிட்டது. அந்தக் கம்பங்கள் பழைய பாய்மரத்திலிருந்து அறுத்தவை. அறுத்தது என் தம்பி. துறைமுகப் பணிகள் மேற்பார்வையாளர் இடத்தை அளந்து, 14 என்று சிவப்பு மையில் எழுதிய முளை ஒன்றைப் பெனால்டி புள்ளியிலேயே அடித்துவிட்டுப் போனார். நேற்றுப் பயிற்சியில் யாரும் அதைப் பிடுங்கவில்லை. அரசு முளை என்பதால் அதைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். ஒரு விஷயத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இன்று காலை மேற்படி மேற்பார்வையாளர் இந்தக் கூடத்துக்கு வந்து, "நான் அடிச்ச முளையைக் காணோம், யாரு எடுத்தது?" என்று சத்தம் போட்டார். யாரும் எடுக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் இருந்தது. பதினோரு மணிக்கு நானே கூட்டிப்போய்க் காட்டினேன். அவருடைய முளை அங்கே இருந்தது உண்மை என்றால், எங்கள் மைதானமும் அங்கே இருப்பது உண்மைதானே, ஐயா?

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் என்னைத் திட்டவில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். நான் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பந்தைப் பார்க்கிறார்கள். பெயரை அடித்த கழகத்தோடு அக்கரை அணி எதுவும் ஆடாது. ஆடாத அணிக்காக யாரும் படகேறி வரமாட்டார்கள். வாரம் முழுவதும் ஆடும் படகில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு, ஆடாத தரையில் ஓடக் கிடைப்பது இது ஒன்றுதான்.

11. என் மனைவி இப்போது சட்டைகளைத் துவைக்கப் பின்பக்கம் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் கடல் கொந்தளிக்கவில்லை. தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி இருந்தது. படகின் எஞ்சின் நின்றதற்குக் காரணம் டீசல் வடிகட்டி. முதல் நாள் அதை மாற்றியது நான். மாற்றிக்கொண்டிருக்கும்போதே கோல் கம்பங்களுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. ஆய்வாளர் கண்ணில் பளிச்சென்று பட வேண்டுமே. மரையைக் கையால் முடுக்கிவிட்டு, ஸ்பேனர் போட்டு இறுக்காமல் ஓடினேன். நடுக்கடலில் அது தளர்ந்து காற்று இழுத்திருக்கிறது. மூன்று மணி நேரம் படகோட்டி குனிந்து அதோடு போராடியிருக்கிறார். கரைக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். கொந்தளிப்பு என்று அவராகவே எல்லோரிடமும் சொன்னார். நானும் "ஆமாம், சரியான கொந்தளிப்பு" என்றேன். பன்னிரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அலையின் உயரத்தைக்கூடக் கூட்டிக்கொண்டே வந்தேன்.

என் தந்தை ஓர் எஞ்சினை வேண்டுமென்றே சரிசெய்யாமல் வைத்திருந்து இந்தக் கழகத்தைப் பெற்றார். நான் ஓர் எஞ்சினைச் சரியாகச் செய்யாமல் அதைத் தொலைக்கப் போகிறேன். ஐயா, இந்த ஒரு பத்தியில் நான் எதையும் கூட்டவில்லை. இந்தப் பாவத்துக்குக் கூட்டல் தேவைப்படவில்லை. பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்தது கழகம் இல்லை. படிவத்தை நிரப்பியது கழகம் இல்லை. வடிகட்டியைத் தளர விட்டது கழகம் இல்லை. எல்லாம் ஒரே ஆள். அந்த ஆளின் பெயர் மீது எத்தனை கோடு வேண்டுமானாலும் போடுங்கள்.

12. ஆகவே தங்களை மன்றாடிக் கேட்பது:

(அ) இம்மாதம் 23ஆம் தேதி தாங்கள் நேரில் வர வேண்டும். அன்று அரைநிலா, கடல் அடங்கியிருக்கும். நீர் மிகவும் இறங்கும் நேரம் பகல் பன்னிரண்டு பத்து. ஒன்பது மணிப் படகில் ஏறினால் பத்தரைக்கு இங்கே இருப்பீர்கள். அரை நாள் தாமதமானாலும் அன்று மைதானம் மைதானமாகவே இருக்கும். அந்தப் படகின் எஞ்சினை இந்த முறை மைத்துனர் பக்கத்தில் நின்று பார்க்க, நான் இறுக்குவேன்.

(ஆ) தாங்கள் வரும்வரை பாறை இறக்குவதை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

(இ) என் விண்ணப்பத்தில் உள்ள எல்லாக் கட்டங்களையும் அடித்துவிட்டு, இதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும்: மணல். இரண்டு கோல் கம்பம். ஒரு பந்து. பதினோரு பேர், முதல் நிமிடம் பத்து.

(ஈ) பொய் சொன்ன செயலாளர் இருக்கும் கழகத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று தங்கள் விதி சொன்னால், இந்த மனுவையே என் பதவி விலகலாக ஏற்றுக்கொள்ள வேண்டும். கூடத்தின் சாவியை அணித்தலைவரிடம் கொடுத்துவிடுகிறேன். கோப்பைக்குள் இருக்கும் நட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

30ஆம் தேதி மறுபடி பௌர்ணமி. அன்று தங்கள் மேசையில் பதிவேடு திறக்கும் நேரத்தில் எங்கள் மைதானம் தண்ணீருக்குள் இருக்கும். போய்ப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் இத்தனை கெஞ்சுகிறேன். நாங்கள் போடும் கோடுகளைக் கடல் தினமும் அழிக்கிறது. மறுபடி போட்டுக்கொள்கிறோம், அதற்காக நாங்கள் யாரிடமும் மனு கொடுத்ததில்லை. தாங்கள் போடப்போகும் அந்த ஒரு கோட்டை அழிக்கத்தான் எங்கள் கடலுக்கு வலு இல்லை.

வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
(ஒப்பம்)
செயலாளர், தீவு கால்பந்துக் கழகம்

நாள்: இம்மாதம் 12
இடம்: தீவு, படகுத்துறை

இணைப்பு: நீர் ஏற்ற இறக்க நேரப்பட்டியல், இம்மாதத் தாள் (சுவரிலிருந்து கிழித்தது). ஆகவே 23ஆம் தேதி வரை எங்களிடம் வேறு பிரதி இல்லை. வரும்போது கொண்டு வரவும்.

குழு உறுப்பினர்களின் திருத்தக் குறிப்பு

மேற்கண்ட மனுவை நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்தோம். கீழ்க்கண்ட திருத்தங்களோடு கையெழுத்திடுகிறோம்.

பத்தி 3: நான்காம் நாள் ஆட்டம் இருபத்திரண்டுக்குப் பூஜ்யம். அவருடைய தந்தை ஆடவில்லை, ஸ்பேனரோடு கரையில் நின்றார்.

பத்தி 4: 'பீரங்கி' என்ற பெயர் உதையைப் பார்த்து வைத்தது அல்ல, வாயைப் பார்த்து வைத்தது. இறுதி ஆட்டத்தில் வலை கிழிந்தது உண்மை. அது எங்கள் வலை.

பத்தி 5: நடுவட்டம் முட்டை வடிவத்தில் இருக்கும். பழகிவிட்டது. மற்றவை உண்மை.

பத்தி 6: திருத்தம் இல்லை.

பத்தி 11: வடிகட்டி விஷயம் எங்களுக்கு அன்று மாலையே தெரியும். படகோட்டி சொல்லிவிட்டார். மனுஷன் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

பத்தி 12 (ஈ): பதவி விலகலைக் குழு ஏற்கவில்லை. சாவியைக் கொடுக்க வந்தார், வாங்கவில்லை. அவர் போனால் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தவும், தங்களுக்கு மனு எழுதவும் ஆள் இல்லை.

பத்தி 12 (அ): 23ஆம் தேதி, பகல் பன்னிரண்டு பத்து. இதை நாங்கள் மூவரும் தனித்தனியாகப் பட்டியலில் சரிபார்த்தோம். இது உண்மை. வாருங்கள் ஐயா.

(ஒப்பம்) அணித்தலைவர்
(ஒப்பம்) சட்டைகள் பொறுப்பாளர்
(ஒப்பம்) படகோட்டி